போகாத கரண்டு

துளசிமணியின் இடது கண் வெளியே தள்ளிவிட்டது. நடந்த கோளாறு அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊர் சேர்ந்து பண்ணியது.

தள்ளிவிட்டது என்றால் கன்னத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது என்று நினைக்க வேண்டாம். இமை மேலே ஏறி, விழி ஒரு நெல் அகலம் வெளியே வந்து, வெள்ளையில் சிவப்பு ஓடி, தூங்கும்போதுகூட முழுசாக மூடாமல், யாரோ கூப்பிட்டுவிட்டு ஒளிந்துகொண்ட மாதிரி எந்நேரமும் திடுக்கிட்டு நின்றது. வலது கண் ஒழுக்கமாக அதன் இடத்தில் இருந்தது. இடது கண் அப்படி ஆன வாரத்திலிருந்து வலது கண்ணுக்கு நடப்பது தெரிந்தது, இடது கண்ணுக்கு நடக்கப்போவது தெரிந்தது. எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்பீர்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு. எப்படி என்று கேட்கிறவர்கள் எழுந்து போகலாம். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் தொட்டிக்காட்டுப்பாளையம். வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்ததிலிருந்து சடக்குச் சடக்கென்று தறி அடிக்கிற அடியில் சுவரில் மாட்டிய சாமி படம் கோணிக்கொண்டே போகும், தொட்டியில் தண்ணீர் வளையம் போடும், பிள்ளைகள் தாலாட்டு இல்லாமல் தறிச் சத்தத்திலேயே தூங்கும், தறி நின்றால் விழித்துக்கொண்டு அழும். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதைக்கூட இங்கே கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் இங்கே ரகசியக் காதல் கிடையாது. அமைதி என்று ஒன்று வந்தால் அதற்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: கரண்டு போய்விட்டது. சொல்லாமல் போனால் குறுக்கே ஓடுகிற நாடா, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு நடுவே சிக்கி நிற்கும், திரும்ப ஓட்டும்போது கொத்தாக இழை அறும், அறுந்ததை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் பொழுது போய்விடும். ஆகவே கரண்டு போகப்போவதை முன்கூட்டியே சொல்கிற கண் எங்களுக்கு என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்டுபிடித்தது நாச்சிமுத்து. பட்டறைக்குச் சொந்தக்காரர். துளசிமணி அவரிடம் நாலு தறி ஓட்டினாள், சிவப்புத் தலைப்பு வைத்த வெள்ளைத் துண்டு. ஒரு நாள் அவள் அறாத இழை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மிணி, நல்லா இருக்கற இழைய எதுக்குப் புடிச்சுட்டு நிக்கற?"

"இது அறும்ங்ணா."

"அறட்டும். அறுந்தப்பறம் புடி."

டீ வந்தது. அவர் குடித்தார். கடைசி மடக்கு தொண்டையில் இறங்கும்போது அந்த இழை பட்டென்று அறுந்தது. நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு அவள் கண்ணைப் பார்த்தார். அதற்கு முன்னால் அந்தக் கண்ணைப் பார்க்க மாட்டார், வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர் மட்டுமா. முதல் மாதம் ஊரே அப்படித்தான் இருந்தது. கண் பட்டுவிடும் என்று அவள் வருகிற வழியில் பூசணிக்காய் உடைத்தார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தாள், புதுவீடு கட்டிக்கொண்டிருந்தவன் திருஷ்டி பொம்மை வாங்கப் போனபோது, "எதுக்குடா செலவு, துளசிமணிய ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெய்யி" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார்கள். இந்த ஊரில் மெல்லச் சொல்லத் தெரியாது என்றேனே.

இழை அறுந்த அன்றைக்கு அதெல்லாம் மாறிப்போனது. மறுநாளே அவள் பட்டறைக்கு வருகிற வழியில் பெண்கள் நின்றார்கள். பால் பொங்குமா, மழை வருமா, காயப்போட்ட பாவை எடுக்கலாமா, பஸ் வருமா, பஸ்ஸில் மாமியார் வருகிறாளா. துளசிமணி வலது கண்ணை முந்தானையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்துச் சொன்னாள். சொன்னது நடந்தது. ஊர் பழகிக்கொண்டது, பழகுகிறதுக்கு நமக்குச் சொல்லித்தர வேண்டுமா. டீக்கடையில் ஆள் வருவதற்கு முன்பே டீ ஆறிக்கொண்டிருந்தது. கிளம்பப்போகிற பஸ்ஸில் ஏறப்போகிறவர்கள் முன்பே ஏறிவிட்டதால் பஸ் முன்பே கிளம்பி, உண்மையான நேரத்துக்கு வந்தவன் ரோட்டில் நின்றான். புருஷன் இன்னும் சொல்லாத பேச்சுக்குப் பெண்டாட்டி அவனை முன்கூட்டியே திட்டினாள், அவனும் திட்டு வாங்கிவிட்டோமே என்று அந்தப் பேச்சைச் சொல்லித் தீர்த்தான். கடைவாசலில் வழுக்கி விழப்போகிறாய் என்று கேள்விப்பட்ட ஒருவன் கடைப்பக்கமே போகாமல் சுற்றிப் போய்ச் சாக்கடையில் விழுந்தான். எழுந்து வந்து, கடைவாசலில் விழவில்லை பார்த்தாயா என்று பெருமைப்பட்டான்.

தறிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எந்த இழை அறும் என்று அவள் காட்டினால் அறுவதற்கு முன்பே முடிச்சுப் போட்டுவிடுவது என்று ஆரம்பித்தார்கள். அறாத இழையை முடிய வேண்டுமென்றால் முதலில் அதை அறுக்க வேண்டும். அறுத்தார்கள். அறுத்துவிட்டு, பார்த்தாயா சொன்ன மாதிரியே அறுந்தது என்றார்கள்.

இதைப் பார்த்து ஒரே ஒருத்தி மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். துளசிமணியின் நாத்தனார். புருஷன் சென்னியப்பனின் தங்கை. அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, அண்ணன் வீட்டுக்கு ஒட்டுச்சுவர் வீட்டில் இருந்துகொண்டு பட்டறைக்குத் தார் சுற்றிக் கொடுத்தாள். அதாவது பாவுக்குக் குறுக்கே ஓடுகிற ஊடைநூலை நாடாவுக்குள் போகிற குச்சியில் சுற்றுகிற வேலை. அண்ணிக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது. காரணம் ஒரு மிக்சி ஜாரின் மூடி. இரவல் போன மூடி திரும்பி வந்ததா வரவில்லையா என்பதில் இரண்டு கட்சி. வருஷங்கள் ஓடி மிக்சியே செத்துப்போயிற்று, பேச்சு வரவில்லை. ஆனால் பேசாமலும் இருக்க முடியாதே. அதனால் அவளிடம் இருந்த கறுப்புக் கோழியிடம் பேசுவாள். துளசிமணி வாசலில் இருக்கிற நேரமாகப் பார்த்து, கோழியைப் பார்த்து, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி.

"கேட்டயா கோழி, இவிங்களே அறுத்துக்கறாங்க, இவிங்களே முடிஞ்சுக்கறாங்க. இதுக்கொரு கண்ணு வேற."

கோழி கொக்கரிக்கும். துளசிமணி கதவைச் சாத்திக்கொள்வாள்.

கண் வலித்தது. அதை யாரும் கேட்கவில்லை. பின்னால் இருந்து யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற வலி. சென்னியப்பன் கடைசியில் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் நல்லவன், எதையும் பாத்துக்கலாம் என்பான், பார்க்க மாட்டான். கண்ணாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உடம்புக்குக் காவல் நிக்கிற எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம உங்க கண்ணுக்குப் பின்னால இருக்கிற சதையையே அடிக்குதும்மா. அடி வாங்கின சதை வீங்குது. பின்னால எலும்பு, போக எடமில்ல. அதான் கண்ணு வெளிய வருது."

"எனக்கு நடக்கப்போறது தெரியுதுங்க டாக்டர்."

"தெரியட்டும். மாத்திரை தர்றேன். வீக்கம் அடங்கும். ஒண்ணு கேட்டுக்கங்க, இது ஒரேயடியா போற வியாதி இல்ல. அடங்கிக் கெடக்கிற வியாதி. மாத்திரையக் கொஞ்சங்கொஞ்சமா நான்தான் குறைக்கணும். நீங்களா நிறுத்தினா எந்திரிக்கும். ஒவ்வொரு தடவை எந்திரிக்கறப்பவும் எதையாவது எடுத்துக்கிட்டுத்தான் போகும்."

மாத்திரை வேலை செய்தது. முகம் பானை மாதிரி ஊதியது, பசி பேயாகப் பசித்தது, கண் உள்ளே போயிற்று. கண் உள்ளே போகப் போக அது பார்க்கிற தூரமும் சுருங்கி, டீ நேரம் வெற்றிலை மடிக்கிற நேரமாகி, வெற்றிலை மடிக்கிற நேரம் கொட்டாவி விடுகிற நேரமாகி, ஒரு நாள் ஒன்றுமில்லாமல் போயிற்று. பால் பொங்கி வழிந்தது, பாவு நனைந்தது, மாமியார்கள் சொல்லாமல் வந்து இறங்கினார்கள். ஊர் முகம் சுருங்கியது. துளசிமணி தெருவில் போனால் நின்று கேட்க ஆளில்லை.

நாச்சிமுத்து வீட்டுக்கே வந்தார். வெறும் கையோடு அல்ல, ஒரு சீப்பு தேன்வாழையோடு.

"இங்கிலீசு மருந்து சூடும்மிணி. மொகத்தப் பாரு, ஆளே அடையாளந் தெரியல. ஒரு வாரம் உட்டுத்தான் பாரேன். உங்கண்ண நம்பித்தான் நாங்கெல்லாம் இருக்கோம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. அவளைக் குறை சொல்ல நான் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. சாம்பாரில் உப்புப் போதுமா என்றுகூடக் கேட்டதில்லை. இப்போது ஒரு ஊரே கேட்டது. மாத்திரையை நிறுத்தினாள். கண் வந்தது. ஊர் சிரித்தது. வலி தாங்காமல் மாத்திரை போட்டாள், கண் போனது, வாழைப்பழம் வந்தது, நிறுத்தினாள், கண் வந்தது. இப்படியே ஒரு சித்திரை போய் இன்னொரு சித்திரை. ஒவ்வொரு தடவையும் உள்ளே போகிற கண் முன்பு போன அளவுக்குப் போகாமல் கொஞ்சம் வெளியிலேயே நின்றுகொண்டது. இமை விறைத்தது. அதையும் ஊர் கெட்டியாகிவிட்டது என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டது.

பிறகு சாயம் போக ஆரம்பித்தது.

துளசிமணி டீக்கடையில் சொன்னாள், "இப்பெல்லாம் வரப்போறது வெளிறித்தான் தெரியுதுங். செவப்பு செவப்பா இல்ல, செங்கல்லு மாதிரி இருக்குது."

ஊர் கூடி யோசித்தது. யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தது. இன்னும் நடக்காததுதானே, நடந்த பிறகுதான் சாயம் ஏறும். சரியாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். துளசிமணியும் ஆட்டினாள்.

நாத்தனார் ஆட்டவில்லை. அவள் சுற்றி அனுப்புகிற கூடையில் சிவப்புத் தாரும் இருக்கும், வேறொரு பட்டறைக்கான செங்கல் நிறத் தாரும் இருக்கும். அந்த வாரம் துளசிமணியின் தறியிலிருந்து இறங்கிய துண்டுகளில் பாதிக்குத் தலைப்பு செங்கல் நிறத்தில் இருந்தது. அண்ணி முந்தானையால் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண் காட்டியதை நம்பித் தாரை எடுத்திருக்கிறாள். நாத்தனார் அந்தத் துண்டை விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோழி பக்கத்தில் வந்து நின்றது. அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியான வேளை, பட்டறையில் தறியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது துளசிமணி வலது கண்ணை மூடினாள். மூடியவள் அப்படியே நின்றாள்.

"என்னம்மிணி தெரியுது?" என்று நாச்சிமுத்து கத்தினார்.

"ஒண்ணுந் தெரியலீங்ணா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டனுங். ஒரே இருட்டு."

ஜன்னல் இல்லாத பட்டறை. லைட் போனால் பகலிலும் குகைதான். நாச்சிமுத்துவுக்கு வேறென்ன தோன்றும். "கரண்டு போவப்போவுதுடோய்!" என்று ஒரு கத்து. அதைப் பக்கத்துப் பட்டறை கேட்டது, அது அதற்குப் பக்கத்துப் பட்டறைக்குக் கத்தியது, கோயில் தாண்டி, ரேஷன் கடை தாண்டி, மேட்டுத் தெரு தாண்டிக் கத்தல் ஓடியது, ஓடின வழியெல்லாம் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, நாடாவைப் பத்திரமாக ஓரத்தில் ஒதுக்கினார்கள், மோட்டாரை அணைத்தார்கள், மெழுகுவத்தி கொளுத்தினார்கள், மாவரைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றியவன் இறங்கி வந்தான். தொட்டிக்காட்டுப்பாளையம் அமைதியானது. கரண்டு இருக்கும்போது அமைதியானது அதுதான் முதல் தடவை. தொட்டிலில் இருந்த பிள்ளைகளெல்லாம் ஒரே நேரத்தில் விழித்து அழுதன.

எல்லோரும் கரண்டு போகக் காத்திருந்தார்கள். எரிகிற டியூப்லைட்டுக்குக் கீழே மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மெழுகுவத்தி அணைந்துவிடுகிறதே என்று ஒருவன் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒரு டீ நேரம் ஆயிற்று. கரண்டு போகவில்லை. இரண்டு டீ நேரம் ஆயிற்று. "வரும், வரும்" என்றார் நாச்சிமுத்து, போகவேண்டியதைப் பற்றி. துளசிமணி வலது கண்ணைத் திறந்துகொண்டு ஒரு மூலையில் நின்றாள். அவளுக்கும் நம்பிக்கை இருந்தது. இல்லாமல் எப்படி, அவள் கண்தானே.

அந்த அமைதியில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் வந்தாள். கோழியைக் கொண்டுவரவில்லை. கையில் ஒரு சிவப்புத் தார் இருந்தது, அன்று காலையில் சுற்றியது, நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. யாரையும் பார்க்காமல் நேராக மூலைக்குப் போனாள். துளசிமணியின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். தாரை இடது கண்ணுக்கு எதிரே, மூக்கில் இடிக்கிற தூரத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அண்ணி," என்றாள்.

கூட்டத்தில் நின்ற சென்னியப்பன் கையிலிருந்த மெழுகுவத்தி கீழே விழுந்தது. மூடி காணாமல்போன நாளிலிருந்து வராத வார்த்தை அது.

"அண்ணி, இது என்ன நெறம்?"

துளசிமணி தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"எதைக் கேக்கற? கையில என்ன வெச்சிருக்கற?"

நாத்தனார் தாரைக் கீழே போடவில்லை. உள்ளங்கையையும் எடுக்கவில்லை. திரும்பி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். கத்தவில்லை. எங்கள் ஊரில் கத்தாமல் சொன்ன ஒரே பேச்சு அதுதான், கடைக்கோடி வரைக்கும் கேட்டது.

"கரண்டு எங்கயும் போவலீங்கடா. கண்ணு போவுது."

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நாச்சிமுத்துவின் நூல் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனாள். ஓட்டியது நாச்சிமுத்துதான், கோயமுத்தூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேச அவள் விடவில்லை. டாக்டரம்மா படத்தைப் பார்த்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வீங்கின சதை, பார்வை நரம்பை நெரிக்கிறது. நாளைக்கு வந்திருந்தால் பார்வை மிச்சமிருக்காது என்றார். ஊசிமருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஏற்றி முடிகிற வரைக்கும் நாத்தனார் கட்டிலுக்கு அருகில் சிவப்புத் தாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் அது இருட்டாக இருந்தது. பிறகு சாம்பலாக இருந்தது. பிறகு செங்கல்லாக ஆனது. ஒரு நாள் காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த துளசிமணி, "அதைக் கீழ வெய்யி, கண்ணு கூசுது, என்னா செவப்பு" என்றாள். நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

இதோடு முடிந்தது என்றால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை. இது முடிகிற வியாதி இல்லை என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியாயிற்று. வருஷக்கணக்கில் மாத்திரை, வருஷக்கணக்கில் கோயமுத்தூர், கொஞ்சம் குறைத்தால் கொஞ்சம் எந்திரிக்கும், திரும்ப அடக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் கழித்து மறுபடி வாழைப்பழத்தோடு வரத்தான் வந்தார்கள். வாசலில் நாத்தனார் தார் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி கண்ணு வேணும்னா உங்க கண்ண நோண்டி வெச்சுட்டு எடுத்துட்டுப் போங்க."

பழத்தை வாங்கிக் கோழிக்குப் போட்டாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஊர் இப்போது இழை அறுந்த பிறகு முடிகிறது, மழை வந்த பிறகு நனைகிறது, திட்டுவதற்குப் புருஷன் பேசும் வரை காத்திருக்கிறது. கஷ்டம்தான். பழகிக்கொண்டது.

துளசிமணி மறுபடி தறி ஓட்டுகிறாள். கண் முழுசாக உள்ளே போகவில்லை, கொஞ்சம் வெளியில்தான் நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிகிறது, சிவப்பு கழுவின சிவப்பாகத் தெரிகிறது. நடக்கப்போவதும் ஒரு தும்மல் அளவுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. எதிரே நிற்கிறவன் தும்முவதற்கு முன்னால் ஒதுங்கிக்கொள்வாள். வேறெதற்கும் உதவாது.

இல்லை, ஒன்றுக்கு உதவுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதமே மிக்சி மூடிப் பேச்சு மறுபடி எழுந்து, அண்ணிக்கும் நாத்தனாருக்கும் மறுபடி பேச்சு நின்றுவிட்டது. ஆனால் தினம் காலையில் ஒட்டுச்சுவர் மேலே ஒரு மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும் வந்து உட்காரும். சுவருக்கு அந்தப் பக்கம், கோழியிடம் கத்துவதற்காக ஒரு வாய் திறக்கும். அது திறக்கப்போவது இடது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு சொல் வருவதற்குள் துளசிமணி மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் சொம்பைச் சுவர் மேலே கவிழ்த்து வைத்துவிடுவாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொள்ளும்.

நாச்சிமுத்து தான் வண்டி ஓட்டியதால்தான் கண் பிழைத்தது என்கிறார். சென்னியப்பன் மாரியம்மன் என்கிறான். டீக்கடையில் டாக்டரம்மா என்கிறார்கள். துளசிமணியைக் கேட்டேன். தறியை நிறுத்தாமல், கத்திச் சொன்னாள், ஒட்டுச்சுவர் வீட்டு நாத்தனார் வரைக்கும் கேட்க வேண்டும் என்று பேரைச் சொல்லிக் கத்தினாள்:

"வேற யாரு? சம்பூர்ணம்!"